சாய்ந்த மரத்தின் கீழே ஒரு கரடி

வேலிக்குள் விட்ட கரடி காட்டைக் கெடுக்கும். இந்த வேலைக்கு வந்த முதல் கிழமையே இது எனக்கு விளங்கிவிட்டது. பட்டையை உரிக்கும். வேரைத் தோண்டும். நான் நட்டு, தண்ணீர் ஊற்றி, சுற்றி வலை கட்டி வளர்த்த இளம் மரத்தை வளைத்து முறித்துப் போட்டுவிட்டு, அதை ஒரு தடவை மணந்துகூடப் பார்க்காமல் நடந்துபோகும். அந்தக் கரடி நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக அந்தக் காட்டை நன்றாக வைத்திருப்பதுதான் என் வேலை. எனக்குச் சம்பளம் தருகிறவர்கள் இதில் முரண்பாடு எதையும் காணவில்லை. கொஞ்ச நாளில் நானும் காணாமல் விட்டுவிட்டேன்.

இடம் ஜெர்மனியில், சவர்லாண்ட் மலைகளில் இருக்கிறது. டோர்ட்மண்டில் எங்கள் வீட்டில் இருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. மூடிப்போன சர்க்கஸ்களிலும் உணவுச்சாலைகளின் பின்பக்கக் கூண்டுகளிலும் கிடந்த கரடிகளை மீட்டுக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் பெரிய வேலி போட்டு, உள்ளே உண்மையான காட்டில் விடுவார்கள். எல்லாம் பழுப்புக் கரடிகள். அமெரிக்காவில் கிரிஸ்லி என்று சொல்கிறார்களே, அதற்கு இவை ஐரோப்பியச் சொந்தம். சனங்கள் நுழைவுச்சீட்டு எடுத்து வந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் கரடி தெரியாது, மரம்தான் தெரியும். அந்த வகையில் சீட்டு வாங்கியவர்கள் பார்த்துவிட்டுப் போவது என் வேலையைத்தான்.

அதற்கு முன்னால் நான் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இருந்தேன். தோட்ட வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்த கையோடு அங்கே சேர்ந்து, அங்கேயே தலை நரைத்துவிட்டது. செத்தவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. சொந்தக்காரர்கள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பக்கத்துக் கல்லறையில் புல் கூடப் பச்சையாக இருக்கிறது என்று முறைப்பாடு சொல்லுவார்கள். மரம் அரியும் வாள் பாவிக்கச் சான்றிதழ் உள்ள ஆள் தேவை என்று கரடிக் காட்டுக்காரர் விளம்பரம் போட்டபோது விண்ணப்பித்தேன். கூப்பிட்டார்கள். மனைவியிடம் சொன்னேன். அவர் வயோதிபர் இல்லமொன்றில் தாதியாக இருக்கிறார். எதற்கும் லேசில் திடுக்கிட மாட்டார்.

"கரடியோ?" என்று கேட்டார்.

"ஓம். ஆனா நான் மரத்தோடைதான். கரடியைப் பார்க்கிறதுக்கு வேறை ஆக்கள் இருக்கினம்."

"அது கரடிக்குத் தெரியுமோ?"

நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அங்கே இரண்டு பேரோடுதான் எனக்குக் கூடுதலான பழக்கம். ஒருவர் மேலாளர். காட்டியல் படித்தவர், மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். இளம் வயதில் மேற்குக் கனடாவில் கிரிஸ்லி கரடிகள் உள்ள காடுகளில் வேலை செய்திருக்கிறார். அங்கே மரம் வெட்டுகிற கொம்பனிகள் எந்த இடத்தை எப்போது வெட்டலாம் என்பதைக் கரடியை நினைத்துத்தான் தீர்மானிக்க வேண்டுமாம். பழப்பற்றைகள் வளர வெளிச்சம் விழுகிற திறந்த இடம் வேண்டும். ஆனால் பயந்தால் ஓடி ஒளிய அடர்ந்த காடும் பக்கத்திலேயே வேண்டும். வேலை முடிந்ததும் காட்டுப் பாதையைக் கிண்டி மூடிவிட வேண்டும், ஏனென்றால் பாதை இருந்தால் துவக்கோடு ஆள் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்காலத்தில் கரடி உறங்கும் குழிக்குப் பக்கத்தில் எந்த இயந்திரமும் போகக்கூடாது. இதையெல்லாம் பாண் சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவார். எங்களிடம் இருந்தது ஒரு மலைச்சரிவும் சில வேலிகளும்தான் என்றாலும், அதே விதிகளைச் சின்னதாக்கி இங்கேயும் வைத்திருந்தார். அவர் காட்டுகிற இடத்தில் நான் மரத்தை வெட்டி வெளிச்சம் விடுவேன். ராஸ்பெரியும் புளூபெரியும் வளரும். விழுந்த மரத்தை அப்படியே விடுவேன். அது உக்க, எறும்பு வரும். எறும்பைத் தின்னக் கரடி வரும்.

மற்றவர் கரடிகளைப் பராமரிப்பவர்களுக்குத் தலைவி. கொலோன் பக்கத்துப் பெண்மணி. சத்தமாகச் சிரிப்பவர், கரடிகளுக்கு முன்னால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். டொச் மொழியில் நாங்கள் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் சொல்லுவோம். தமிழில் எழுதக் கை கூசுகிறது. ஆகவே 'நீங்கள்' என்று போடுகிறேன்.

காட்டின் மேல்மூலையில் இருந்த வேலிக்குள் ஒரு கிழட்டுப் பெண் கரடி தனியாக இருந்தது. வாழ்நாளில் பெரும்பகுதியைச் சர்க்கஸ் வண்டிக்குள் கழித்தது. வரும்போது அதற்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பின்னங்காலில் எழும்பி நின்று ஒரு சுற்றுச் சுற்றும். எங்கே நின்றாலும், என்ன தின்றுகொண்டிருந்தாலும் செய்யும். ஆகவே தலைவி அந்தப் பெயரைத் தடைசெய்துவிட்டார். வேறு பெயர் வைத்தால் அதற்கும் எழும்பி நிற்குமோ என்ற பயத்தில் வேறு பெயரும் வைக்கவில்லை. 'அவள்' என்றால் இவள்தான் என்று எல்லோருக்கும் விளங்கும். வீட்டில் நான் சர்க்கஸ்காரி என்று சொல்லுவேன்.

அவளுக்குக் காடு இருந்தது, ஆனால் காட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை. குளிர் வந்ததும் மற்றக் கரடிகள் குழி தோண்டிப் படுத்துவிடும். இவள் வைக்கோல் போட்ட சீமெந்து அறைக்குள் சுவரைப் பார்த்தபடி மாரி முழுவதும் விழித்திருப்பாள். நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தின்பாள். ஒவ்வொரு மார்கழியும் தலைவி அந்த அறையில் இருந்து வரும்போது யாரோடும் பேசமாட்டார்.

பிறகு தொடர்ச்சியாக மழை பொய்த்தது. இந்த மலைகள் முழுக்க நிற்பது ஃபிக்டெ என்கிற ஊசியிலை மரம். தண்ணீர் இல்லாமல் பலவீனப்பட்ட மரங்களின் பட்டைக்குள் ஒரு சின்ன வண்டு புகுந்தது. மலைமலையாகக் காடு செத்தது. எங்கள் வேலிகளுக்குள்ளும் செத்தது. செத்த மரம் கரடிக்கு நல்லது. விழட்டும் என்று விட்டுவிடலாம். வேலிக்குப் பக்கத்தில் நிற்பது மட்டும் விழக்கூடாது. வேலி உடைந்தால் கரடி வெளியே போகும். கீழே ஊர் இருக்கிறது, பள்ளிக்கூட பஸ் நிற்கிற இடம் இருக்கிறது. ஆகவே அந்த இலையுதிர் காலத்தில் மேலாளரும் நானும் வேலி ஓரமாக நடந்து, வெட்டவேண்டிய மரங்களில் செம்மஞ்சள் நிறத்தில் கோடு போட்டோம். சர்க்கஸ்காரியின் வேலிக்குள் ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய மரம். முழுதாகச் செத்து, வெளிவேலிப் பக்கம் சாய்ந்து நின்றது. உளுத்த மரத்தில் ஏறித் துண்டு துண்டாக வெட்ட முடியாது. கையால் வெட்டினால் சாய்ந்த பக்கமே விழும். கம்பி கட்டி எதிர்ப்பக்கமாக இழுக்க ஒரு பெரிய இயந்திரம் வேண்டும். அது வருவதற்குக் கார்த்திகை நடுவில் ஒரு டெர்மின், அதாவது நாள் குறித்துக் கிடைத்தது.

ஐப்பசி முடிகிற நேரம். ஒரு காலையில் அவளை உள்ளே அடைத்துச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தபோது, நான் வேலிக்குள் போய் இயந்திரம் வரும் வழியைத் துப்புரவாக்கினேன். அந்த மரத்தின் அடியில் புதுமண் குவிந்து கிடந்தது. யாரோ சக்கரவண்டியில் கொண்டுவந்து கொட்டியது போலக் குவியல். மரத்தின் வேர்களுக்குக் கீழே, சரிவுக்குள், ஒரு ஓட்டை. ஒரு மனிதன் தவழ்ந்து போகலாம். நான் போகவில்லை. தலைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வளைக்கரடி வந்து தோண்டியிருக்கு," என்றேன். வளைக்கரடி இங்கே இரவில் திரிகிற சின்னப் பிராணி.

அவர் வந்தார். குனிந்து பார்த்தார். ஓட்டையின் ஓரத்தில் நகம் இழுத்த கோடுகள் என் விரலைவிட அகலம். அப்படியே ஈர இலைகளின்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் வாளைக் கீழே வைத்தேன். கல்லறைத் தோட்டத்தில் பழகியதால் ஒருவர் அழும்போது பக்கத்தில் எப்படிப் பேசாமல் நிற்பது என்று எனக்குத் தெரியும். நின்றேன்.

அதன்பிறகு அவள் சீமெந்து அறைக்குள் வரவேயில்லை. உறக்கத்துக்கு ஆயத்தமாகிற கரடிக்குப் பசி போய்விடும். சாப்பாடு காட்டி அழைத்து, மரத்தை வெட்டும்வரை அடைத்துவைக்க முடியாது. முதன்முறையாக எங்கள் அழைப்புக்கு அவள் வரவில்லை என்பதில் தலைவிக்கு அடக்கமுடியாத சந்தோஷம். மேலாளருக்கு இல்லை.

மூவரும் அவருடைய அறையில் கூடினோம்.

"அந்த மரம் போகவேண்டும்," என்றார் மேலாளர். "மாசிக்குள் எப்படியும் ஒரு புயல் வரும்."

"இயந்திரம் ஏறினால் குழி இடியும்," என்றார் தலைவி. "இந்த வயதில் முதல்முறையாகத் தோண்டியிருக்கிறாள். இன்னொரு முறை தோண்டமாட்டாள். திரும்பவும் சுவரைப் பார்க்கப் போய்விடுவாள்."

"அவள் ஊருக்குள் போனால் சுட்டுவிடுவார்கள். சுவரைப் பார்ப்பது அதைவிட நல்லது."

"உறங்கும் குழிக்குப் பக்கத்தில் இயந்திரம் போகக்கூடாது என்று எத்தனை தரம் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்?"

 மேலாளர் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். "கனடாவில் வேலி இல்லை," என்றார்.

இரண்டு பேரும் சொல்வது சரிதான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இருவரும் சரியாக இருந்தால் கடைசியில் வேலை தோட்டக்காரனிடம் வரும்.

அப்படித்தான் வந்தது. நெடுநேரம் வாதாடி, மரத்தை நிற்கவிட்டு வேலியை நகர்த்துவது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இருக்கிற வேலிக்கு வெளியே, மரம் விழுந்தால் உச்சி எட்டும் தூரத்தையும் தாண்டி, வளைவாக இரண்டாவது வேலி ஒன்று. மரம் முதல் வேலியை உடைத்தாலும் இரண்டாவது நிற்கும். சிக்கல் என்னவென்றால் வெளியே உள்ள நிலம் எங்களுடையது இல்லை. அது ஒரு கிறிஸ்மஸ் மரக்காரருடையது. சவர்லாண்டில் அரைவாசி மலைகளில் கிறிஸ்மஸ் மரம்தான் பயிரிடுகிறார்கள். அவரும் மேலாளரும் பேசுவதில்லை. காரணம் இருவருக்குமே சரியாக ஞாபகம் இல்லை. கார் நிறுத்துவதில் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

"நீங்கள் போங்கள்," என்றார் மேலாளர். "உங்களோடு அவருக்கு இன்னும் சண்டை வரவில்லை."

போனேன். மரக்காரர் அறுபதைத் தாண்டியவர். கம்பளித் தொப்பி. ஒரு கொட்டிலுக்குள் நின்று, விற்கிற மரங்களுக்கு வலை சுற்றும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு கிழட்டு நாய்.

"உங்கள் மேலாளர் ஏன் வரவில்லை?"

"நீங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை என்று சொன்னார்."

"அது சரி," என்றார். அதில் அவருக்குத் திருப்தி. "உங்கள் செத்த மரங்களில் இருந்து வண்டு என் பக்கம் வருகிறது."

"அந்த வண்டு உங்கள் மரங்களைத் தொடாது. இவை வேறு இனம்."

"தெரியும். ஆனால் பார்க்க நன்றாக இல்லை." எண்ணெய்ப் போத்தலை மூடினார். "இந்தியாவில் கரடி இருக்கிறதா?"

"நான் இலங்கை."

"இலங்கையில்?"

"வன்னிக் காட்டில் இருக்கிறது. நான் பார்த்ததில்லை."

"ஆக, கரடி பார்க்க சவர்லாண்டுக்கு வந்திருக்கிறீர்கள்."

"ஓம்," என்றேன். வாயில் தமிழில்தான் வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அந்தத் துண்டில் இடுப்பளவு வளர்ந்த நோர்ட்மன் இனக் கிறிஸ்மஸ் மரங்கள் நிற்கின்றன என்றார். அவை நிற்கட்டும், சுற்றித்தான் வேலி போடுவோம், கரடி எழும்பியதும் அந்தச் செத்த மரத்தை வெட்டிவிட்டு வேலியைக் கழற்றிவிடுவோம் என்றேன்.

"கரடி எப்போது எழும்பும்?"

"அதுக்கு டெர்மின் இல்லை."

அப்போதுதான் முதன்முறை சிரித்தார். பிறகு தன்னுடைய நிபந்தனையைச் சொன்னார். அவருடைய ஆள் தோள் எலும்பை முறித்துக்கொண்டு கிடக்கிறான். மரம் விற்கிற காலம் வருகிறது. சனிக்கிழமைகளில் நான் வந்து வலை சுற்றித் தந்தால் நிலத்தைப் பாவிக்கலாம். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். இரு நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கையைக் கேட்பதுபோலக் கேட்டுத் தலையாட்டினார். என் சனிக்கிழமைகளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

வேலிக் கம்பங்களை இயந்திரத்தால் அடிக்க முடியாது, சத்தம். கையால் குழி தோண்டினோம். இந்த மலைகளில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கல்லு. கடப்பாரை கல்லில் பட்டு 'ணங்' என்று ஒலிக்கும்போதெல்லாம் தலைவி எங்கிருந்தோ வந்து கையை உயர்த்துவார். நாங்கள் நிறுத்துவோம். அவர் போவார். தோண்டுவோம். சர்க்கஸ்காரி அப்போது இன்னும் படுக்கவில்லை. தன் வேலிக்குள் இருந்து நாங்கள் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு போய்த் தன் குழியைத் தோண்டுவாள். எங்களைவிட வேகமாகத் தோண்டினாள். தடித்த கம்பி வலை கட்டி, மின்சார இழைகள் இழுத்து, மின்தடை வந்தால் என்ன செய்வது என்று பற்றரியும் வைத்தோம். மாவட்ட அலுவலகத்தில் இருந்து ஒருவர் வந்து, இரண்டு கைகளாலும் வேலியைத் தள்ளிப் பார்த்து, சரி என்றார். அவர் என்னைவிடச் சின்ன ஆள். கரடியும் இப்படித்தான் தள்ளும் என்று நினைத்தாராக்கும்.

சனிக்கிழமைகளில் மரம் கட்டினேன். மரத்தின் அடியை ஒரு குழாய்க்குள் விட்டு மறுபக்கத்தால் இழுத்தால் வலைக்குள் சுருண்டு வரும். அவ்வளவுதான் வேலை. ஒரு சனிக்கிழமை மரத்தை இழுத்து நிமிர்ந்தால், எதிரில் டோர்ட்மண்டில் எங்கள் கலைவிழாக்களில் காண்கிற ஒருவர் குடும்பத்தோடு நிற்கிறார்.

"அண்ணை! நீங்களோ? இஞ்சை என்ன செய்யிறியள்?"

"மரம் கட்டுறன்."

"அப்ப கரடி?"

"நித்திரை."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி மரத்தைப் பார்த்தார். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "எங்கடை வேலையிடத்திலை ஆக்கள் எடுக்கினம். நான் கதைச்சுப் பாக்கிறன்."

நான் அவருடைய மரத்தைக் காரின் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொடுத்தேன். பின்னேரம் வீட்டுக்குப் போனால் மனைவி கதவிலேயே நின்றார்.

"உங்களுக்குக் கரடி வேலை போயிட்டுதாம். எனக்கு நாலைஞ்சு பேர் போன் எடுத்திட்டினம்."

"ஆர் சொன்னது?"

"கரடி நித்திரையெண்டு நீங்கள் ஆருக்கோ சொன்னீங்களாம். கவலையிலை மூளை குழம்பிப்போய்க் கதைக்கிறார், பாத்துக்கொள்ளுங்கோ எண்டு சொல்லுகினம்."

"கரடி நித்திரைதானே."

"எனக்குத் தெரியும். அவையளுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் ஒண்டையும் முழுசாச் சொல்லமாட்டீங்கள்."

உண்மையாகவே அவள் உறங்கியிருந்தாள். மார்கழித் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் குழிக்குள் போனவள் திரும்பி வரவில்லை. எங்களால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. ஆனால் உறைபனி விழுந்த காலைகளில் தூரக்கண்ணாடியால் பார்த்தால், குழியின் வாசலில் தொங்கிய வேர்களில் மட்டும் பனி தடிப்பாக, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அவளுடைய மூச்சு அங்கே உறைந்திருக்கிறது என்று தலைவி எனக்குக் காட்டித் தந்தார். தினமும் வேலையைத் தொடங்குமுன் அதைப் பார்த்துவிட்டுப் போவது எனக்கும் பழக்கமாகிவிட்டது.

தை மாதத்தில் புயல் வந்தது. முந்தின நாளே எச்சரிக்கை வந்து, வாசலை மூடிவிட்டார்கள். காலை முழுவதும் மலையில் மரங்கள் முறிகிற சத்தம். மத்தியானம் காற்று கொஞ்சம் தணிந்ததும் மேலாளர், தலைவி, நான், மயக்க ஊசித் துப்பாக்கியோடு மிருக வைத்தியர், எல்லோரும் ஒரு வாகனத்தில் மேலே போனோம். மரக்காரரின் பக்கமாக, இரண்டாவது வேலிக்கு வெளியே நிறுத்தினோம்.

மரம் முறிந்திருந்தது. வேரோடு சாயாமல், ஆள் உயரத்துக்கு மேலே உடைந்து, அப்படியே முதல் வேலியின்மேல் விழுந்து அதை நிலத்தோடு நசுக்கியிருந்தது. அடிக்கட்டையும் வேரும் குழியும் அசையவில்லை. உச்சி நோர்ட்மன் மரங்களுக்குள் கிடந்தது. இரண்டாவது வேலி நின்றது. ஊரில் மின்சாரம் போயிருந்தது. நான் இறங்கிப் பற்றரியைப் பார்த்தேன். வேலை செய்தது. மூடியைத் திரும்பப் போட்டேன்.

"வெளியே வருகிறாள்," என்றார் தலைவி.

முதலில் மூக்கு. பிறகு தலை. மெலிந்து, ரோமமெல்லாம் ஒரு பக்கமாகப் படிந்து, விடியற்காலையில் யாரோ தட்டி எழுப்பிய கிழவி போல வாசலில் நின்றாள். முறிந்த மரத்தைப் பார்த்தாள். அதன்மேல் ஏறினாள். அடிமரத்தில் மெதுவாக நடந்து, நசுங்கிய வேலியைத் தாண்டி, எங்கள் பக்கம் இறங்கினாள்.  அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் இப்போது நான் கட்டிய வேலி மட்டும்தான். ஒவ்வொரு கம்பமாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றில், கல்லு வந்ததால் குழியைக் கொஞ்சம் ஆழம் குறைத்தோமே, அது எது என்று யோசித்தேன். வைத்தியர் துப்பாக்கியை எடுத்தார். "பொறுங்கள்," என்றார் தலைவி.

அவள் வேலிக்கு வரவில்லை. கிறிஸ்மஸ் மரங்களுக்கு நடுவில் நின்று ஒன்றை மணந்தாள். அடுத்ததை மணந்தாள். மூன்றாவதை வாயால் கவ்வி, காலால் மிதித்து, ஒரே இழுவையில் முறித்தாள். அதை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள். விழுந்த மரத்தின்மேல் ஏற்றச் சிரமப்பட்டாள், வழுக்கியது, திரும்பக் கவ்வினாள். குழி வாசலில் அதைப் போட்டு, தான் முதலில் உள்ளே போய், பிறகு உள்ளிருந்து அதை இழுத்தாள். மரம் வலை சுற்றியது போலச் சுருங்கி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து அடுத்த மரத்துக்கு நடந்தாள்.

 பின்னால் உழவு இயந்திரம் வந்து நின்ற சத்தம் கேட்டது. மரக்காரர். இறங்கி வந்து மேலாளருக்குப் பக்கத்தில் நின்றார். இருவரும் அவ்வளவு கிட்ட நின்று நான் பார்த்ததில்லை.

"என்ன செய்கிறது?" என்று கேட்டார்.

"படுக்கை போடுகிறாள்," என்றார் மேலாளர். "கனடாவில் இப்படிக் கிளை பரப்பியிருப்பதைப் பழைய குழிகளில் பார்த்திருக்கிறேன். போடும்போது பார்த்ததில்லை."

மரக்காரர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொன்றை மணந்து, வேண்டாம் என்று விட்டு, பக்கத்தில் இருந்ததை முறித்தாள்.

"நல்லதாகப் பார்த்துத்தான் எடுக்கிறாள்," என்றார். "அடியில் கிளை நெருக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறாள். என்னிடம் வருகிறவர்கள் உச்சியை மட்டும்தான் பார்ப்பார்கள்."

அதற்குத்தான் தலைவி சிரித்தார். கரடிக்கு முன்னால் அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வைத்தியர் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தார். இருட்டுவதற்கு முன்னால் சர்க்கஸ்காரி உள்ளே போனாள். பிறகு வரவில்லை. இரண்டு நாள் கழித்து உறைபனி விழுந்தபோது, வாசலில் நீட்டிக்கொண்டிருந்த நோர்ட்மன் கிளையின் நுனியில் வெள்ளை பூத்திருந்தது.

உடைந்த வேலியைப் பங்குனிவரை தொடவில்லை. மரக்காரர் அந்தத் துண்டு நிலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. இப்போதும் அது அவளுடைய வேலிக்குள்ளேயேதான் இருக்கிறது. அவர் ஒவ்வொரு வருடமும் அதில் கொஞ்சம் கன்று நடுகிறார், யாருக்கு என்று நான் கேட்கவில்லை. முறிந்த மரம் நின்ற இடத்தில் இப்போது வெளிச்சம் விழுகிறது. ராஸ்பெரி தானாகவே வந்துவிட்டது. நான் நட்ட இளம் ரோவன் மரங்களை அவள் முறித்துவிட்டாள். திரும்ப நட்டேன்.

புயல் வந்த அந்த வருடச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி என்னோடு வந்தார். அதற்கு முன்னால் அவர் வந்ததில்லை. ஞாயிறுகளில் அவருக்கு வேலை இருக்கும், அல்லது இருக்கிறது என்று சொல்லுவார். பார்வையாளர் மேடையில் நின்றோம். சர்க்கஸ்காரி எழும்பிப் பல நாளாகியிருந்தது. சரிவில் புதுப்புல் தின்றுகொண்டிருந்தாள். ஒரு பிடி தின்பாள், நிற்பாள், இன்னொரு பிடி.

"இவளோ?" என்று கேட்டார் மனைவி.

"ஓம்."

"வேறை என்ன செய்வாள்?"

"இதுதான். பிறகு படுப்பாள்."

"எங்கடை இல்லத்திலை இருக்கிற அம்மாமார் மாதிரித்தான்," என்றார். "இதுக்கே காசு குடுத்துச் சனம் வருது?"

"ஓம்."

மழை தூறத் தொடங்கியது. மற்றவர்கள் குடையை விரித்துக்கொண்டு கோப்பிக் கடைப் பக்கம் போனார்கள். நானும் திரும்பினேன்.

"நில்லுங்கோப்பா," என்றார் அவர், மேடையின் கம்பியில் இரண்டு கையையும் வைத்தபடி. "இன்னும் சாப்பிட்டு முடியேல்லை."